பிரஸ் அக்கா ஒட்டிய பேட்ச்

பிரஸ் அக்காவிடம் போய், ஒரு காலர் உரிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாக அந்தச் சட்டைப் பட்டறையில் காலர் ஒட்டும் இயந்திரம் அவள் கையில்தான் இருக்கிறது. காலர் விறைப்பாக நிற்க வேண்டும் என்று உள்ளே ஒரு கேன்வாஸ் துணி வைப்பார்கள். அதன் ஒரு பக்கத்தில் பொடிப்பொடியாகப் பசை இருக்கும். அதைக் காலர் துணிமேல் வைத்து, நூற்று ஐம்பது டிகிரிச் சூட்டில் பன்னிரண்டு விநாடி அழுத்தினால் பசை உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஐம்பது தடவை துவைத்தாலும் வராது. இரண்டு விநாடி குறைந்தால் உரியும். நாலு விநாடி கூடினால் பசை மேலே கசிந்து துணி பளபளக்கும். அவள் கடிகாரம் பார்ப்பதே இல்லை. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை தானாகப் பன்னிரண்டில் பிடியைத் தூக்கும்.

சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்போதே பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் ஆள், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கு நான் அக்காவா? கண்ணு தெரியலையா?" என்று கேட்டாள்.

"வயசுக்கு இல்லம்மா, வாய்க்கு" என்றார் காஜாக்காரர். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவள் புருஷன் அதே பட்டறையில் கட்டிங் மாஸ்டர். எண்பது மடிப்புத் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டுகிற கை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். உரிந்த காலர் திரும்பி வந்தால் வெட்டியவர் தப்பா, ஒட்டியவள் தப்பா என்று இருவருக்கும் இரண்டு வருஷம் சண்டை நடந்தது. சண்டை என்றால் அவள் கத்துவாள், அவர் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். கடைசியில் கல்யாணம் செய்துகொண்டார்கள். "இனிமே சண்டைய வீட்ல வச்சுக்கங்க. இங்க வேலை ஓடட்டும்" என்று காஜாக்காரர் வாழ்த்தினார். வீட்டிலும் அவள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். பிள்ளை ஒரே பெண். இருபத்து மூன்று வயதாகியும் பாப்பா. டெலிபோனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை, தினமும் மதியத்துக்கு மேல் ஷிஃப்ட்.

மாஸ்டருக்கு முதுகு வலி வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க மேஜைமேல் குனிந்து வெட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு என்ன செய்யும்? தைலம், மாத்திரை, பெல்ட் என்று ஏழு மாதம் ஓடியது. எட்டாவது மாதம் படம் எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் எங்கோ ஆரம்பித்து முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "குணமாக்க முடியாதும்மா. வலியைக் குறைக்க முடியும். அதை நல்லாவே செய்யலாம்" என்றார்.

வலி என்று நாம் சொல்கிறோமே, அது வேறு. திரும்பிப் படுத்தால் வலி, இருமினால் வலி, கட்டில் ஓரத்தில் யாராவது உட்கார்ந்தால்கூட வலி. அதிர்ந்து பேசாத மனுஷன் தெருவே கேட்கும்படி கத்தினார். மாடி வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், அந்த நேரத்தில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். கேட்காத மாதிரி இருந்தால் அவருக்கு மானம் போகாதல்லவா? பிரஸ் அக்கா அடுப்படியில் நின்று வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆள் வலியில்லாமல் இருக்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாத்திரை கொடுத்தால் வாந்தியில் வந்தது. அதனால் டாக்டர் பேட்ச் எழுதினார். உள்ளங்கையில் பாதி அளவு, மெல்லிசு, கண்ணாடித் தாள் மாதிரி. நர்ஸ் இருவரையும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். கட்டையான குரல், சிரிக்கவே சிரிக்காத முகம்.

"இது சாதாரண பிளாஸ்டர் இல்ல. மருந்து தோல் வழியா ரத்தத்துக்குப் போகுது. மார்ஃபின் ஜாதி மருந்து, அதைவிடப் பல மடங்கு வீரியம். மூணு நாளைக்கு ஒண்ணு. பழசை எடுத்துட்டுத்தான் புதுசு. எடுத்ததை ஒட்டற பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு எங்கிட்டயே கொண்டுவரணும். அதுலயும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தை எடுத்து ஒட்டிக்கிட்டா பொழைக்காது. வெட்டக் கூடாது."

"ரெண்டா வெட்டினா ஆறு நாளைக்கு வருமே சிஸ்டர். நான் கத்தரிக்கோல் புடிச்ச கை" என்றார் மாஸ்டர்.

"வெட்டினீங்கன்னா அந்தக் கைய நான் வெட்டுவேன். மேல கேளுங்க. தூக்க மாத்திரை, இருமல் மருந்து, சாராயம், எதுவா இருந்தாலும் என்னைக் கேக்காம உள்ள போகக் கூடாது. வெந்நீர்ப் பை, ஹீட்டர், வெயில்ல உக்கார்றது, கொதிக்கிற தண்ணில குளியல், ஒண்ணும் வேண்டாம். காய்ச்சல் வந்தா சொல்லுங்க. கூப்பிட்டா முழிக்கணும். முழிக்கலைன்னா, மூச்சு நிமிஷத்துக்குப் பத்துக்குக் கீழ போனா, பேட்ச்சை எடுத்துட்டு உடனே ஆம்புலன்ஸ்."

"எப்படி ஒட்டணும்?"

"தோலைத் தண்ணில துடைச்சு, நல்லாக் காயவிட்டு, ஒட்டி, உள்ளங்கையால அரை நிமிஷம் அழுத்திப் புடிங்க."

பன்னிரண்டு விநாடிக்குப் பதில் முப்பது, இதிலென்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் காலர் அளவெடுக்கும் அட்டை ஒன்றின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதில் ஒன்றைக்கூட அப்போது அவள் மீறவில்லை. தேதியைப் பேனாவால் பேட்ச்மேலேயே எழுதினாள். பழையதை மடித்து டப்பாவில் போட்டு டப்பாவைப் பூட்டினாள். யாரோ கொண்டுவந்து கொடுத்த தூக்க மாத்திரையை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தாள். மாஸ்டர் அதை ஸ்டிக்கர் என்றார். "ஸ்டிக்கர் ஒட்ற நேரம் வந்தாச்சா?" என்பார். பையில் விலைச் சீட்டு ஒட்டுகிற மாதிரித் தன் முதுகைத் திருப்பிக் காட்டுவார்.

ஆனால் பேட்ச் ஒட்டவில்லை.

வலியில் அந்த மனுஷனுக்கு வியர்வை அப்படி ஊற்றியது. ஒட்டிய மறுநாள் ஒரு மூலை எழும்பும். அழுத்துவாள். அதற்கடுத்த நாள் பாதி எழும்பி நிற்கும். மூன்றாம் நாள் பார்த்தால் பேட்ச் பனியனில் ஒட்டிக்கொண்டு பனியனுக்கு வலி தீர்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் என்ன, கத்தல்தான். தோளை மாற்றிப் பார்த்தாள், மார்பில் ஒட்டிப் பார்த்தாள். நகர்ந்தது. ஊருக்கெல்லாம் காலர் ஒட்டுகிறவள், கட்டின புருஷன் முதுகில் இத்தனூண்டு காகிதம் ஒட்ட முடியவில்லை. அந்த எரிச்சலை அவள் யாரிடம் சொல்லுவாள்?

சொல்லியிருக்க வேண்டிய ஆளிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் போனார்கள். வலி குறையவே இல்லை என்றார் மாஸ்டர். டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"பேட்ச் நல்லா ஒட்டுதாம்மா? உரியுதா?"

"ஒட்றதைப் பத்தி எங்கிட்டயா கேக்கறீங்க டாக்டர்? அதான் என் தொழிலே" என்றாள்.

மாஸ்டர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்காத குணம் அவருக்கு. பாழாய்ப்போன குணம்! டாக்டரும் என்ன செய்வார், மருந்து முழுக்க உள்ளே போயும் வலி அடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். அடுத்த அளவு பேட்ச் எழுதினார்.

பெரிய பேட்ச்சும் உரிந்தது. அன்று காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரஸ் அக்கா யோசித்தாள். உள்ளங்கையால் ஏன் அழுத்தச் சொன்னாள் சிஸ்டர்? கைச்சூடு படத்தான். சூடு பட்டால் பசை இளகும், இளகினால் பிடிக்கும். இது அவளுக்குத் தெரியாததா? இருபத்தாறு வருஷமாக இதைத்தானே செய்கிறாள்? கைச்சூடு போதவில்லை, அவ்வளவுதான்.

அலமாரிக் கதவில் வெந்நீர்ப் பை வேண்டாம் என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது. அதையும் படித்தாள். வெந்நீர்ப் பை வலிக்கு வைப்பது. அவள் வலிக்கா வைக்கிறாள்? ஒட்டுவதற்கு வைக்கிறாள். அவள் மனசில் அது வேறு, இது வேறு. இதைக் கேட்டு முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தொழிலில் ஊறிப்போன எவருக்கும் கண்ணில் அந்தத் தொழில்தான் முதலில் தெரியும்.

பருத்தித் துணி ஒன்றை எட்டாக மடித்து அயர்ன் பாக்ஸால் தேய்த்துச் சூடேற்றினாள். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சுடாது, கதகதப்பு. புதுப் பேட்ச் ஒட்டி, அதன்மேல் மெல்லிய துணி போட்டு, சூடான மடிப்பை வைத்து அழுத்தினாள்.

"அப்பாடா, இதமா இருக்கு" என்றார் மாஸ்டர்.

இதமாக இருக்கிறதே என்று ஆறும்வரை பிடித்திருந்தாள். மறுபடியும் சூடாக்கினாள். சாயங்காலம் பார்த்தால் நாலு மூலையும் தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. அது அன்று அந்தப் பக்கத்து வியர்வையும் கொஞ்சம் அடங்கியிருந்ததால் என்று பின்னால் சொன்னார்கள். அவளுக்கு அது தன் கைவேலை. மாஸ்டர் அன்றைக்குத் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினார். நாலு மாதத்தில் முதல் தடவை. எழுந்து ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, "பிரஸ் அக்கான்னா பிரஸ் அக்காதான்" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டறையில் போய்ப் பெருமையாகச் சொன்னாள். காஜாக்காரர், "உங்கிட்ட ஒட்டாம போனது உன் மாமியார் ஒருத்திதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதன்பிறகு காலையும் மாலையும் துணி வைப்பது வழக்கமாகிவிட்டது. மாஸ்டர் பேச்சின் நடுவிலேயே தூங்கினார். ஸ்பூன் வாயருகே நிற்கும், கண் செருகிவிடும். கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. பாப்பாதான் முதலில் கேட்டாள்.

"அப்பா ரொம்பத் தூங்கறாரும்மா."

"தூங்கட்டும்டி. எத்தனை மாசத் தூக்கம் பாக்கி இருக்கு."

"கூப்பிட்டா முழிக்கணும்னு சிஸ்டர் சொன்னாங்களே?"

"முழிக்கிறாரே."

முழித்தார்தான். கண்ணைத் திறந்தார், "ம்" என்றார், மூடிக்கொண்டார். அதற்குப் பெயர் முழிப்பா என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கத்தல் இல்லாத வீடு அவளுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. மாடி வீட்டில் டி.வி. சத்தம்கூடக் குறைந்திருந்தது.

மூன்று நாள் கழித்துப் புதுப் பேட்ச். காலையில் ஒட்டித் துணி வைத்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒரு தடிமனான துண்டை நன்றாகச் சூடேற்றி, பேட்ச்மேல் வைத்து, நழுவாமல் இருக்கச் சால்வையால் மார்போடு சுற்றிக் கட்டினாள். பாப்பாவிடம் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, துண்டு ஆறினால் திரும்பச் சூடாக்கிக் கட்டு. இன்னொன்று, அப்பாவை எழுப்பாதே.

பெண் சொல் பேச்சுக் கேட்கிற பெண். இரண்டையும் செய்தாள்.

பதினொரு மணிக்குப் பட்டறை போனில் பாப்பா. பிரஸ் அக்கா ஒரு கையால் காலரை உள்ளே வைத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கினாள்.

"அம்மா, அப்பா குறட்டை விடறாரு."

"விடட்டுமே. நல்லாத் தூங்கறாருன்னு அர்த்தம்."

"இல்லம்மா. தொண்டைல தண்ணி இருக்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நிக்குது. நடுவுல ஒண்ணுமே வரமாட்டேங்குது."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"கூப்பிட்டேன், உலுக்கினேன், கிள்ளிக்கூடப் பாத்துட்டேம்மா. முழிக்கல. உதடு ஒரு மாதிரி இருக்கு."

"போனை வச்சுடாதே. மூச்சு விடறப்பச் சொல்லு."

"இப்ப" என்றாள் பாப்பா.

பிரஸ் அக்கா பிடியை அழுத்தினாள். வேண்டுமென்று அழுத்தவில்லை, கை பழக்கம். அவள் உடம்பு அறிந்த பன்னிரண்டு விநாடி முழுதாகப் போனது. போனில் இன்னும் ஒன்றும் வரவில்லை. அதற்கப்புறம்தான் பாப்பா அழுதுகொண்டே "இப்ப" என்றாள்.

"அந்தத் துண்டை அவிழ்த்து எறி!" என்று பிரஸ் அக்கா போட்ட கத்தலில் தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. "கையில பிளாஸ்டிக் பை மாட்டிக்கிட்டு பேட்ச்சைப் பிச்சு எடு! ஒருக்களிச்சுப் படுக்க வை! ஆம்புலன்ஸ் கூப்பிடு, கதவைத் தொறந்து வை!"

ஆம்புலன்ஸுக்கு முன்னால் துண்டு ஏன் அவள் வாயில் வந்தது? அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காஜாக்காரர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் என்ன நினைத்தாரோ, வேகத்தைக் கூட்டினார். பட்டறையில் அவள் விட்டுவிட்டு வந்த காலர் கருகிப் புகைந்ததாம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அந்த மருந்தின் பிடியை உடம்பிலிருந்து தட்டிவிடுகிற ஊசி. ஒன்று போட்டு இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். இரண்டாவது போட்டார்கள். மாஸ்டர் மூச்சை ஒரே இழுப்பாக இழுத்தார், கண்ணைத் திறந்தார், கத்தினார். மருந்தைத் தட்டிவிட்டால் வலி சும்மா இருக்குமா? இத்தனை நாள் அடங்கியிருந்தது எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஐயோ விடுங்களேன்டா, விடுங்களேன்டா" என்று அலறினார். அந்த அலறலைக் கேட்டு வாசலில் நின்ற பிரஸ் அக்காவுக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். உயிர் இருக்கிறது என்று அர்த்தம் அல்லவா? அந்தச் சந்தோஷத்துக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

தோலில் தங்கிய மருந்து இன்னும் ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும், ஊசியின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் ஒரு நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். மத்தியானம், பேட்ச் பாடம் எடுத்த அதே நர்ஸ் வந்தாள். மாஸ்டரைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். சதுரமாக ஒரு சிவப்பு.

"வெந்நீர்ப் பை வச்சீங்களா?"

"இல்ல சிஸ்டர்" என்ற பிரஸ் அக்கா, உடனேயே, வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி முழுதும் சொன்னாள். பேட்ச் முதல் நாளிலிருந்தே ஒட்டாதது, டாக்டரிடம் ஒட்டுகிறது என்று பொய் சொன்னது, அயர்ன் பாக்ஸ், துண்டு, சால்வை, எழுப்பாதே என்றது. ஒன்றையும் விடவில்லை.

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஒட்டாததால மருந்து பாதிகூட உள்ள போகல. டாக்டர் போச்சுன்னு நெனச்சு அளவைக் கூட்டினாரு. நீங்க அந்தக் கூட்டின அளவை முழுசா ஒட்ட வச்சு, சூட்டையும் போட்டீங்க. சூடு பட்டா தோல் மருந்தை மளமளன்னு உறிஞ்சும். மூணு நாள் மருந்து எவ்வளவு நேரத்துல உள்ள போயிருக்கும்னு எனக்கே தெரியாது. ஒட்டலைன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா?"

"வெக்கமா இருந்துச்சு சிஸ்டர்."

நர்ஸ் பையைத் துழாவி ஒரு டேப் சுருளை எடுத்தாள். காயத்துக்குக் கட்டுப் போடும்போது ஒட்டுகிற சாதாரண டேப். "நாலு ஓரத்துலயும் இதை ஒட்டினாப் போதும்" என்றாள்.

பிரஸ் அக்கா அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா? இதற்கா இத்தனையும்? தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பேட்ச் பழையபடி சின்ன அளவு, நாலு ஓரமும் டேப். நன்றாகவே ஒட்டியது. அளவைப் படிப்படியாகத்தான் கூட்டுவோம் என்றார் டாக்டர். அயர்ன் பாக்ஸை அவள் பட்டறைக்குத் தூக்கிப் போய்விட்டாள், பாப்பா கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனாள். வலி திரும்ப வந்திருந்தது. முன்பு போல அவ்வளவு இல்லை. ஆனாலும் வலி வலிதான்.

மாஸ்டர் கேட்க ஆரம்பித்தார்.

"அன்னைக்கு வச்சியே, அந்தத் துணி. இன்னொரு தடவை வையேன்."

"விளையாடறீங்களா மாஸ்டர்? செத்துப் பொழைச்சீங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அன்னைக்கு வலிக்கல."

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். கெஞ்சினார், அதட்டினார், அதட்டிப் பழக்கமில்லாததால் பாதியில் இருமல் வந்தது. "எவன் எவன் கழுத்துக்கோ ஒட்டி விடறே. எனக்குன்னா மட்டும் கை வரமாட்டேங்குதோ" என்றார். பாப்பாவிடம் கேட்டுப் பார்த்தார், அவள் அழுதுகொண்டே வாசலுக்கு ஓடினாள். அவளைக் கேட்டதைத்தான் பிரஸ் அக்காவால் தாங்க முடியவில்லை. அன்று கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

"பெத்த பொண்ணுகிட்ட இதைக் கேக்கலாமா?"

"நீ குடுக்க மாட்டேங்கறே."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க இருக்கணும்."

"எப்படி இருந்தாலுமா?"

"எப்படி இருந்தாலும்."

மாஸ்டர் அவளை நிதானமாகப் பார்த்தார். வலியிலும் அந்தப் பார்வை தெளிவாக இருந்தது. "அது உன் ஆசைடி. எனக்காகன்னு சொல்லாதே."

அவளுக்கு யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. "ஆமா. என் ஆசைதான்" என்றாள். அப்படியே அவர் முன்னால் நின்று நர்ஸுக்குப் போன் போட்டாள். "சிஸ்டர், வலி அடங்கல. சூடு வையின்னு தினமும் கேக்கறாரு, செத்தாலும் பரவால்லன்னு கேக்கறாரு. பொண்ணுகிட்டயும் கேட்டுட்டாரு. நான் தனியா சமாளிக்க முடியாது." இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை.

அன்றைக்கே டாக்டரும் நர்ஸும் வீட்டுக்கு வந்தார்கள். அவளையும் பாப்பாவையும் வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் மாஸ்டரோடு அரை மணி நேரம் தனியாகப் பேசினார். பேட்ச் அளவை ஒரு படி கூட்டினார். நடுவில் வலி எகிறினால் கொடுக்க ஒரு சிரப், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொரு தடவை என்று எழுதினார். ஆளே கிறங்கிக் கிடந்தால் போட வேண்டிய ஊசி மருந்தை மூக்கில் அடிக்கிற மாதிரி ஒரு குப்பியில் கொடுத்துவிட்டுப் போனார்கள். வலி பாதியாகக் குறைந்தது. பாதி சின்ன விஷயம் இல்லை. மாஸ்டர் உட்கார்ந்து சாப்பிட்டார், காஜாக்காரர் வந்தபோது இரண்டு தடவை சிரித்தார். மிச்சம் பாதி அப்படியே இருந்தது.

துணியை அப்புறம் கேட்கவில்லை. அவளிடம் எதையுமே கேட்கவில்லை. பேட்ச் மாற்ற வேண்டுமென்றால், "பாப்பாவை வரச் சொல்லு" என்பார். பாப்பா ஒட்டுவாள், டேப் போடுவாள், தேதி எழுதுவாள். பிரஸ் அக்கா கதவோரம் நின்று பார்ப்பாள். கோபமா என்று ஒருநாள் கேட்டாள். "கோபம் எல்லாம் இல்ல. சோர்வா இருக்கு" என்றார். அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இருபத்து நாலு வருஷம் ஒருத்தரோடு குப்பை கொட்டியவளுக்கு, எது கோபம் எது சோர்வு என்று தெரியாதா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாற்பத்தொன்றாவது நாள், ஒரு மதியம், மாஸ்டர் போனார். இந்தத் தடவை மருந்து இல்லை, நோய்தான் என்று டாக்டர் பார்த்து உறுதியாகச் சொன்னார். கடைசி ஒரு மணி நேரம் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், எண்ண ஒன்றும் இல்லாமல் ஆனது.

வீடு நிறைய ஆட்கள். பட்டறையே வந்திருந்தது. மாஸ்டரின் அக்கா வெளியூரிலிருந்து வந்து, பிரஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகை கொஞ்சம் தணிந்ததும் எல்லாரும் கேட்கச் சொன்னாள். "எவ்வளவோ பேரு படாத பாடு பட்டுப் போறாங்க. என் தம்பிய நீ வலி தெரியாம அனுப்பி வச்சுட்டே. நீ புண்ணியவதி."

அந்த மாதிரி வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இவள் நிமிர்ந்தாள்.

"இல்ல அண்ணி. வலி தெரியாமப் போறதுக்கு அவருக்கு ஒரு நாள் வாய்ச்சுது. நான் தெரியாம செஞ்ச தப்புல வந்துச்சு. நான்தான் பதறிப்போய்த் திருப்பி இழுத்துட்டு வந்தேன். அப்புறம் நாப்பத்தோரு நாள் வச்சிருந்தேன். கெஞ்சினாரு. நான் விடல."

அண்ணி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். "என்னடி பேசறே? அன்னைக்கே விட்டிருக்கணும்கறியா?"

"இல்ல. நாளைக்கே திரும்ப நடந்தாலும் அந்தத் துண்டை அவுத்து எறியத்தான் சொல்லுவேன். எனக்கு அந்த நாப்பத்தோரு நாளும் வேணும்னு இருந்துச்சு அண்ணி. அவருக்கு வேணாம்னு இருந்துச்சு."

காஜாக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அவளைப் புண்ணியவதி என்று சொல்லவில்லை.